வடக்குத்து: ஒரு முந்திரி பாக்கி!

டப்பாங்குத்து தெரியும், அதென்ன பாஸ் வடக்குத்து? நான் போறேன்னு சொன்னப்ப கிளாஸ்ல பாதிப் பேர் இதைத்தான் கேட்டாங்க. மீதிப் பாதிக்கு நெய்வேலியே தெரியலை, அது வேற கதை.

விக்கிரவாண்டியில் இறங்கி தஞ்சாவூர் போற ரோட்டைப் பிடிங்க. பண்ருட்டி தாண்டினதும் ரெண்டு பக்கமும் செம்மண். செம்மண்ணுக்கு மேலே முந்திரித் தோப்பு. தோப்புக்கு நடுநடுவே வயித்தைத் தள்ளிக்கிட்டு நிற்கிற பலா மரங்கள். அப்படியே போனா நெய்வேலி ஆர்ச் கேட் வரும். ஆர்ச்சுக்கு உள்ளே திரும்பினா என்.எல்.சி. டவுன்ஷிப். திரும்பாம ரோட்டோரத்திலேயே கிடக்கிற ஊர்களில் ஒண்ணுதான் வடக்குத்து. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைக்காதவங்க, ஒப்பந்தத் தொழிலாளிகள், நம்மளை மாதிரி இன்-பிளான்ட் ட்ரெய்னிங் வர்ற பசங்க எல்லாரும் கடைசியில் ரூம் தேடி வந்து சேர்றது இந்த மாதிரி ஊர்களுக்குத்தான்.

நாங்க மூணு பேர். ஒருத்தன் மெக்கானிக்கல், ஒருத்தன் ட்ரிப்பிள் ஈ, நான் சிவில். அவங்களுக்கு ட்ரெய்னிங், எனக்கு இந்தக் கட்டுரை. உங்க செமஸ்டர் லீவுல ஊட்டி, கொடைக்கானல்னு கிளம்பறதுக்கு முன்னாடி இந்த ஊரைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். ஆர்ச்சுக்கு உள்ளே ஒரு கணக்கு, வெளியே வேற ஒரு கணக்கு. உள்ளே எல்லாம் முழு எண்ணும் தசமப் புள்ளியும்தான். பிளாக்குக்கு நம்பர் போட்டிருக்காங்க. பிளாக் ஏழரைன்னு ஒண்ணு கிடையாது, தேடாதீங்க. வெளியே டீக்கடை, பழக்கடை, முந்திரிக் கிடங்கு எங்க நின்னாலும் காதுல விழறது அரை, கால், அரைக்கால், வீசம். நடுவுல ஒரு ரோடுதான் வித்தியாசம். ரெண்டு கணக்கும் சந்திக்கிற இடத்துல எப்பவுமே கொஞ்சம் மீதி விழுது. அந்த மீதி யார் பாக்கெட்டுக்குப் போகுதுன்னு பார்க்கிறதுதான் இந்த டூரோட ஒரே சைட் ஸீயிங்.

முள்ளை எண்ணு, சுளையைச் சொல்லு

முதல்ல பலா. சீசன்ல வந்தீங்கன்னா ரோட்டோரம் பழத்தைக் குவிச்சு வச்சு, கையில எண்ணெய் தடவிக்கிட்டு அண்ணன்கள் வெட்டிக்கிட்டு இருப்பாங்க. முழுப் பழமாவும் வாங்கலாம், எண்ணிச் சுளையாவும் வாங்கலாம். இங்கதான் சிக்கல். முழுப் பழத்துக்குள்ள எத்தனை சுளை இருக்குன்னு வெட்டாம எப்படித் தெரியும்?

சிரிக்காதீங்க, இதுக்கு ஃபார்முலா இருக்கு. காரிநாயனார்னு ஒருத்தர் 'கணக்கதிகாரம்'னு ஒரு நூல் எழுதி வச்சிருக்கார். முழுக்க முழுக்கப் பாட்டாலே கணக்கு. நிலம் அளக்கிறது, நெல் அளக்கிறது, பொன் நிறுக்கிறதுன்னு நம்ம ஸ்கூல் புத்தகத்துல கடைசியில வருமே 'வாக்கியக் கணக்கு', அதோட கொள்ளுத் தாத்தா. அதுல பலாப்பழத்துக்கும் ஒரு பாட்டு. சாரம் இதுதான்: காம்புக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன முள்ளை எண்ணு. வந்த எண்ணை ஆறால பெருக்கு. அஞ்சால வகு. வர்றதுதான் சுளை.

மூணு பேரும் ஒரே பழத்தை எண்ணினோம். மெக்கானிக்கல் 65-னு சொன்னான், அதாவது 78 சுளை. ட்ரிப்பிள் ஈ 71, அதாவது எண்பத்தஞ்சும் அஞ்சுல ஒரு பங்கும். நான் 80, அதாவது 96. காரணம் ரொம்ப சிம்பிள். 'காம்புக்குப் பக்கத்துல'ன்னா எது வரைக்கும்? முதல் வட்டமா, ரெண்டாவதா? பாட்டு எழுதினவருக்கு அது தெளிவாத் தெரிஞ்சிருக்கும். பக்கத்துல நின்னு சுட்டிக்காட்டத்தான் இப்ப ஆள் இல்லை. அப்புறம், ட்ரிப்பிள் ஈ-யோட அந்த 'அஞ்சுல ஒரு பங்கு' சுளையை என்ன பண்றது? முள் எண்ணிக்கை அஞ்சால வகுபட்டாத்தான் விடை முழுசா வரும். மத்த நேரமெல்லாம் ரவுண்டு பண்ணியே ஆகணும். பலாவுக்கு அரைச் சுளை, கால் சுளையெல்லாம் கிடையாதே.

வெட்டி எண்ணினா 82. ட்ரிப்பிள் ஈ-தான் பக்கத்துல வந்தான், அன்னிக்கு முழுக்க அவன் அலப்பறை தாங்கலை. ஆனா ஒண்ணு. பலாவோட ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவோட நுனி. கருவுற்ற பூ சுளையாகும், மத்தது சடையாப் போயிடும். பூவெல்லாம் சுளையாகுமான்னு மழைக்கும் வெயிலுக்கும் தேனீக்கும்தான் வெளிச்சம். அதனால இந்த ஃபார்முலா துல்லியமான சட்டம் இல்லை, நல்ல உத்தேசம். வெட்டாத பழத்துக்கு விலை பேச உத்தேசம் போதும்.

இப்ப உங்களுக்கு ஒரு வாக்கியக் கணக்கு. 82 சுளை, மூணு பேர். ஆளுக்கு 27, மீதி 1. அந்த ஒண்ணு யாருக்கு? நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்கிறப்பவே, வெட்டிக் கொடுத்த அண்ணன் அதை எடுத்து வாயில போட்டுக்கிட்டார். "என்ன தம்பி பார்க்கிற, கத்தி யார் கையில இருக்கு?"ன்னார். இந்த டயலாக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

தேதி: 1957

டவுன்ஷிப் பக்கம் திரும்பறதுக்கு முன்னாடி ஒரு காலண்டர் பொருத்தம். 1957 மே 20-ஆம் தேதி நெய்வேலியில் சுரங்கம் வெட்டும் வேலையைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். அதுக்குச் சரியா ஏழு வாரம் முன்னாடி, ஏப்ரல் 1-ஆம் தேதி, நாடு முழுக்க நயா பைசா வந்தது. அதாவது நெய்வேலி ஊரும் நம்ம ரூபாயின் தசமக் கணக்கும் ஒரே வருஷத்துப் பிள்ளைங்க.

அதுக்கு முன்னாடி ஒரு ரூபாய்க்கு 16 அணா. 16-ஐப் பாதியாக்கினா 8, மறுபடி 4, மறுபடி 2, மறுபடி 1. நாலு தடவை பாதியாக்கியும் உடையலை. தமிழ்ப் பின்னமும் அதே வழிதான்: அரை, கால், அரைக்கால், வீசம். வீசம்னா பதினாறில் ஒண்ணு, சரியா ஒரு அணா. வாயில வர்ற பின்னமும் கையில இருக்கிற காசும் ஒண்ணா இருந்துச்சு. தாத்தா இன்னும் அம்பது காசை எட்டணான்னு சொல்றது பழக்க தோஷம் மட்டும் இல்லை, ஒரு காலத்துல அது அச்சு அசல் கணக்கு.

நூறு வந்ததும் என்னாச்சு? 50, 25... அடுத்தது பன்னிரண்டரை. மூணாவது வெட்டுலேயே உடைஞ்சிடுச்சு. ஒரு அணாவுக்குச் சரியான மதிப்பு ஆறேகால் நயா பைசா. கால் பைசா நாணயம் எங்க போக? அதனால அரசாங்கமே ஒரு ரவுண்டிங் விதி போட்டது. பைசாவில் பாதி வரைக்கும் மீந்தா விட்டுடு, பாதிக்கு மேலே போனா ஒண்ணு சேர்த்துக்கோ. அப்படிப் பார்த்தா ஒரு அணா 6 பைசா, ரெண்டு அணா 12, மூணு அணா 19, நாலு அணா 25.

இப்ப டீக்கடைக்கு வாங்க. டீ மூணு அணான்னு வச்சுக்கோங்க. தினமும் காசு கொடுத்துக் குடிச்சா ஒவ்வொரு தடவையும் 19 பைசா. பதினாறு டீக்கு 3 ரூபாய் 4 பைசா. நோட்டுல எழுதி மொத்தமா அடைச்சா 48 அணா, கரெக்டா மூணு ரூபாய். நாலு பைசா மிச்சம். அதே கடையில ரெண்டு அணா பன்? தலைகீழ். ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்தா 12 பைசாதான், எட்டு பன்னுக்கு 96 பைசா. கடன் சொன்னா ஒரு ரூபாய். ஆக டீயைக் கடன் சொல்லு, பன்னுக்குக் காசு கொடு. 1957-ல நீங்க இங்க ஸ்டூடண்டா இருந்திருந்தா இந்த ட்ரிக் போதும், ஹாஸ்டல் ஹீரோ நீங்கதான். 'நயா' என்ற பேரை 1964-ல எடுத்தாங்க. 25 பைசாவும் அதுக்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓட செல்லாமப் போச்சு. இப்ப எல்லா மீதியும் ரூபாயிலேயே விழுது. சில்லறை இல்லைன்னு நீட்டுற புளிப்பு மிட்டாய்தான் இன்றைய நயா பைசா.

ஆர்ச்சுக்கு உள்ளே

உள்ளே போனா எண்ணெல்லாம் பெருசு. இரண்டாம் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட் ஏழு. பெருக்கிப் பாருங்க, 1,470. ஜி.கே. க்விஸ்ல யாராவது 'சுமார் 1,500'னு சொன்னா கை தட்டிடுவோம். ரவுண்டு பண்ணினதுல சேர்ந்த அந்த 30 மெகாவாட் எவ்வளவு தெரியுமா? 1962-ல நெய்வேலியில முதல் முதலா ஓட ஆரம்பிச்ச யூனிட்டே 50 மெகாவாட்தான். அதுல அஞ்சுல மூணு பங்கை ஒரு 'சுமார்'ல சும்மா சேர்த்துட்டோம். அந்த யூனிட் இருந்த முதல் அனல் மின் நிலையம் 2020-ல மூடப்பட்டாச்சு.

சிவில் மக்களே, உங்களுக்கு ஒரு ரகசியம். இந்தியத் தர நிர்ணயங்களில் ஐ.எஸ். 1 எது தெரியுமா? தேசியக் கொடி. சரி, ஐ.எஸ். 2? சிமென்ட்டா, கம்பியா? ரெண்டும் இல்லை. எண்களை ரவுண்டு பண்றது எப்படின்னு சொல்ற விதி! கொடிக்கு அடுத்த இடம் ரவுண்டிங்குக்கு. நாம எக்ஸாம் ஹால்ல தூக்கிட்டுப் போற ஒவ்வொரு கோடு புத்தகத்தோட முன்னுரையிலேயும் 'இறுதி மதிப்பை ஐ.எஸ். 2 படி முழுமையாக்கவும்'னு ஒரு வரி இருக்கும். முன்னுரையை யார் படிச்சா?

அதுல சுவாரஸ்யமான விதி ஒண்ணு. சரியாப் பாதியில நின்னா, பக்கத்துல இருக்கிற இரட்டைப்படை எண்ணுக்குப் போ. 2.5 வந்தா 2. 3.5 வந்தா 4. ஸ்கூல்ல சொன்ன மாதிரி 'அஞ்சு வந்தா மேலே' கிடையாது. ஏன்? எப்பவும் மேலேயே தள்ளினா, ஆயிரம் கணக்கு கூட்டி முடிக்கிறப்ப விடை கொஞ்சம் கொஞ்சமா வீங்கிடும். ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழேன்னு போனா மீதிகள் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். ரவுண்டு பண்றது தப்பே இல்லை. ஒரே பக்கமா ரவுண்டு பண்றதுதான் வில்லங்கம்.

கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தை இதுல நல்லாவே மாட்டியது. 1982-ல ஆயிரம் புள்ளியில ஒரு குறியீட்டெண்ணை ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு தடவை கணக்குப் போடறப்பவும் மூணாவது தசமத்துக்குப் பின்னாடி இருக்கிறதை ரவுண்டு பண்ணாம வெட்டியே விட்டாங்க. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வெட்டு. 1983 நவம்பர்ல குறியீடு 524-க்கு வந்து நின்னுச்சு. சரியாப் போட்டுப் பார்த்தா 1,098! சந்தை ஏறிக்கிட்டு இருந்திருக்கு, கம்ப்யூட்டர் அதைப் பாதாளத்துல காட்டிக்கிட்டு இருந்திருக்கு.

அவ்வளவு தூரம் ஏன், தீபாவளிக்கு முன்னாடி இந்த ஊர் டீக்கடையில அரை மணி நேரம் உட்காருங்க. 'எட்டே புள்ளி முப்பத்து மூணு'ன்னு பேச்சு காதுல விழும். கிரிக்கெட் ரன் ரேட் இல்லை, போனஸ். பழைய போனஸ் சட்டத்துல குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம்னு இருந்துச்சு. அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சு? பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாசச் சம்பளம். நூறைப் பன்னிரண்டால வகுத்தா 8.3333... முடியவே முடியாது. ரெண்டு தசமத்தோட நிறுத்திட்டாங்க. மாசம் 7,000 ரூபாய் மேலே கணக்குப் போட்டா வருஷத்துக்கு 84,000. அதுல 8.33 சதவீதம் 6,997 ரூபாய் 20 காசு. ஒரு மாசச் சம்பளத்துக்கு 2 ரூபாய் 80 காசு குறையுது. ஒருத்தருக்கு அது ஒண்ணுமே இல்லை. பத்தாயிரம் பேர் வேலை செய்ற இடத்துல 28,000 ரூபாய். கத்தி யார் கையில?

பி.எஃப்.-ல மட்டும் கொஞ்சம் ஒழுங்கா யோசிச்சிருக்காங்க. நிர்வாகம் கட்ட வேண்டியது 12 சதவீதம், அதுல 8.33 பென்ஷனுக்கு, மீதி 3.67 பி.எஃப்.-க்கு. 2014-ல வச்ச 15,000 ரூபாய் வரம்புக்குப் பார்த்தா பென்ஷன் பங்கு 1,249 ரூபாய் 50 காசு. அம்பது காசோ அதுக்கு மேலேயோ வந்தா அடுத்த ரூபாய்னு விதி. ஆக 1,250. மொத்தம் 1,800 இல்லையா, அப்ப மீதி 550. ஒரு பக்கம் ஏறின அம்பது காசு இன்னொரு பக்கம் இறங்கிடுச்சு. ரெண்டும் தொழிலாளியோட கணக்குதான், எதுவும் வெளியே போகலை.

எல்லாத்துக்கும் வில்லன் 3

கவனிச்சீங்களா? சுளை மீந்தது மூணால. போனஸ் உடைஞ்சது பன்னிரண்டால, அதுக்குள்ளயும் ஒரு மூணு ஒளிஞ்சிருக்கு. எங்க ரூம் வாடகை 4,000. மூணு பேருக்கு ஆளுக்கு 1,333, ஒரு ரூபாய் இடிக்கும். மாசத்துக்கு ஒருத்தன்னு முறை வச்சு அந்த ஒரு ரூபாயைக் கட்டறோம். உங்க ரூம்லயும் செஞ்சு பாருங்க, சண்டை வராது.

தமிழ்ப் பின்னத்துல மிகச் சின்னதா அடிக்கடி வர்ற பேர் முந்திரி. 320-ல் ஒரு பங்கு. ஏன் 320? ரெண்டால, நாலால, அஞ்சால, எட்டால, பத்தால, பதினாறால, இருபதால, எண்பதால எப்படி வெட்டினாலும் முழுசா வரும். ஒருமா 1/20, அது 16 முந்திரி. காணி 1/80, அது 4 முந்திரி. எல்லாம் அழகா அடுக்கி வச்ச பெட்டி மாதிரி. மூணால மட்டும் வெட்டுங்க பார்ப்போம். 106 வரும், முக்கி முனகி இன்னும் மூணுல ரெண்டு பங்கு மீந்து நிற்கும். அன்னிக்கும் மூணுதான் வில்லன்.

மீந்ததை அவங்க என்ன பண்ணினாங்க? அதுக்குத்தான் நாம வந்த ரோட்டிலேயே கடைசி வரைக்கும் போகணும், தஞ்சாவூருக்கு. ராஜராஜன் 1010-ல முடிச்ச பெரிய கோயிலோட கல்வெட்டுகளில் நில அளவு வருது. வேலி, மா, காணி, முந்திரிகை. அதோட நிற்கலை. முந்திரிக்கும் கீழே போகணும்னா 'கீழ்'னு ஒரு படி வச்சிருந்தாங்க. ஒரு கீழ்னா மறுபடியும் 320-ல் ஒரு பங்கு. அதுக்கும் கீழே இன்னொரு கீழ். இப்படி இறங்கி இறங்கி, ஒரு வேலியில 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் எழுதி வரி போட்டிருக்காங்க. 320-ஐ மூணு தடவை பெருக்கி, அதை 1,600-ஆல பெருக்குங்க, இதே எண் வரும். இப்போதைய வேலி சுமார் ஆறே முக்கால் ஏக்கர். அதை வச்சுப் பார்த்தா அந்தப் பங்கு கிட்டத்தட்ட அரை சதுர மில்லிமீட்டர். எறும்பு கால் வைக்கிற இடம்! அதை யாரும் கயிறு பிடிச்சு அளந்திருக்க மாட்டாங்க. நீளம் அகலம் பெருக்கி, குளம், வாய்க்கால், சுடுகாடுன்னு கழிச்சு வர்றப்ப விழுந்த மீதியாத்தான் இருக்கணும்னு எனக்குத் தோணுது. ரவுண்டு பண்ணித் தள்ளாம, மீதிக்கு ஒரு பேர் வச்சுக் கல்லுல வெட்டிட்டாங்க.

அங்கிருந்து திரும்பி வடக்குத்து. இந்தப் பக்கம் பெரியவங்க இன்னும் நிலத்தைக் காணியிலதான் சொல்றாங்க. (பின்னத்துல வர்ற காணி வேற, இது நிலத்தோட அளவு.) ஒரு காணி எவ்வளவுன்னு யாரைக் கேட்டாலும் "132 செண்ட்"னு பட்டுனு பதில் வரும். நிஜத்தில் காணி 57,600 சதுர அடி. ஒரு செண்ட் 435.6 சதுர அடி. வகுத்தா 132.23. 'புள்ளி ரெண்டு மூணு தானே மச்சி'ன்னு தள்ளிடாதீங்க. அது நூறு சதுர அடி. பத்துக்குப் பத்து ரூம்! நாங்க மூணு பேர் பாய் விரிச்சுப் படுக்கிற இடம். பத்திரத்துல சர்வேயர் அளந்ததுதான் நிற்கும், சரி. ஆனா பேரம் வாயிலதானே நடக்குது. செண்ட் ஒரு லட்சம்னு வச்சுக்கிட்டா, காணிக்கு 23,000 ரூபாய் பேச்சுலயே காணாமப் போகும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துட்டு வந்த குடும்பங்கள் சுத்திலும் இருக்கிற வட்டாரம் இது. இங்க புள்ளிக்குப் பின்னாடி இருக்கிற எண்ணை யாரும் லேசா எடுத்துக்கிறது இல்லை. டீக்கடையில் ஒரு பெரியவர் செல்போன் கால்குலேட்டரில் காணியைச் செண்ட்டா மாத்தி, ஏழாவது தசமம் வரைக்கும் வாசிச்சுக் காட்டினார்.

முந்திரியில் முந்திரி

கடைசியா முந்திரிக் கிடங்கு. கொட்டை 80 கிலோ மூட்டையா வரும். உடைச்சு, உலர்த்தி, தோல் எடுத்தா கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குதான் பருப்பு. உடைக்கிறப்ப ஓட்டுல இருந்து வர்ற எண்ணெய் கையைப் பொசுக்கிடும். சாம்பலைத் தொட்டுக்கிட்டு உடைக்கிற அக்காக்களோட விரலைப் பார்த்தா, அடுத்த தடவை பாயசத்துல முந்திரி பொறுக்கறப்ப கொஞ்சம் நிதானமாத்தான் சாப்பிடுவீங்க.

பருப்புக்குத் தரம் உண்டு. டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320, டபிள்யூ 450. இந்த எண் விலை இல்லை. ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு எத்தனை முழுப் பருப்பு நிற்குதுங்கிற கணக்கு. 180-னா ஆள் கனம், 450-னா பொடிசு. சந்தையில ரொம்பப் புழங்கறது 320. அந்தத் தரத்துல ஒரு பவுண்டுக்கு 300-ல இருந்து 320 பருப்பு.

நல்லா யோசிங்க. ஒரு பவுண்டுல 320-ல் ஒரு பங்கு, ஒரு முந்திரி. தமிழ்ப் பின்னத்துல 320-ல் ஒரு பங்குக்குப் பேர், முந்திரி! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. இதுல எந்தச் சதியும் இல்லை, சுத்தமான தற்செயல். சோழர் கல்வெட்டுல முந்திரிகை இருந்தப்ப இந்த மரமே இந்தியாவில் கிடையாது. பிரேசில்ல இருந்து போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்தது, பதினாறாம் நூற்றாண்டுல. பவுண்டும் நம்ம ஊர்ச் சரக்கு இல்லை. ஆனாலும் பாருங்க, ஒரு பருப்பைக் கையில வச்சுக்கிட்டு 'இது முந்திரியில் ஒரு முந்திரி'ன்னு சொன்னா ரெண்டு அர்த்தத்துலயும் சரி. எடை சுமார் 1.4 கிராம்.

கிடங்குல கூலி கிலோ கணக்கு. தோல் எடுத்த பருப்பைச் சாயங்காலம் எடை போட்டு நோட்டுல எழுதுவாங்க. இங்க ஒரு கணக்கு. ஒரு ஆயா எடுத்தது 7 கிலோ 850 கிராம். எழுதற ஆள் அரைக் கிலோ கணக்கா மட்டும் எழுதுவேன், மேலே உள்ளதைத் தள்ளிடுவேன்னு சொன்னா ஏழரை. 350 கிராம் போச்சு. கிலோவுக்கு 20 ரூபாய்னு வச்சுக்கோங்க, ஒரு நாளைக்கு 7 ரூபாய். மாசம் 25 நாள், வருஷத்துக்கு 2,100 ரூபாய். நாப்பது பேர் வேலை செய்ற இடத்துல எல்லாருக்கும் இப்படி விழுந்தா 84,000. ஒரு நாள் 7.9 வரும், ஒரு நாள் 7.6 வரும், சராசரி எடுத்தா இதைவிடக் குறைவாத்தான் விழும்னு ட்ரிப்பிள் ஈ சொன்னான். சரி, 60,000 ரூபாய்னு வேண்டாம், 50,000-ன்னும் வேண்டாம், நீங்களே போட்டுப் பாருங்க. விதி ஐ.எஸ். 2 மாதிரி ரெண்டு பக்கமும் போயிருந்தா மீதி பூஜ்யத்துக்குப் பக்கத்துல நின்னிருக்கும். இது வான்கூவர் விதி, கீழே மட்டும்தான் வெட்டு.

நாங்க நின்ன அன்னிக்கு தராசு டிஜிட்டல். சிவப்பு எழுத்துல 7.850. எழுதற தம்பி பேனாவைத் திறந்து, "ஏழரை, ஆயா"ன்னார்.

"இன்னா தம்பி ஏழரை? ஏழே முக்காலே அரைக்கால் இருக்குது, தெரியலையா?"

அவர் முழிச்சார். நாங்களும் முழிச்சோம். மெக்கானிக்கல்காரன் மெதுவா விரல் விட்டான். முக்கால் 0.75, அரைக்கால் 0.125. ஆக 7.875. ஆயா தராசைவிட இருபத்தஞ்சு கிராம் அதிகம் சொல்லுது! ட்ரிப்பிள் ஈ வாயைத் திறக்கப் போனான், நான் காலை மிதிச்சேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது ஆயா, அரைக் கிலோதான் கணக்கு."

"அப்ப எட்டுன்னு எழுது. அதுவும் அரைக் கிலோ கணக்குதான?"

பின்னாடி வரிசையில நின்ன அக்காக்கள் சிரிச்சாங்க. பேனா நோட்டுக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்னுச்சு. ஆயா சாம்பல் பூத்த விரலால அந்தச் சிவப்பு எழுத்தைத் தொட்டுக் காட்டி, "அதுல என்ன இருக்குதோ அதையே எழுதேன்"னுச்சு. ஏழு, புள்ளி, எட்டு, அஞ்சு. அவர் எழுதினார். அடுத்த அக்கா கூடையை எடுத்துத் தராசுல வச்சாங்க. 6.640.